அடி கழுவிய கார்

உத்தரட்டாதியில் பிறந்தவர்களுக்குப் பிடிவாதம் அதிகம் என்று என் மாமி சொல்லுவா. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. என் கணவர் விவேகானந்தன் உத்தரட்டாதி. கோயில், சுத்தம் என்ற இரண்டு விஷயங்களில் அவருக்கு யார் சொல்லும் ஏறாது. அந்த இரண்டும் ஒரே காலையில் சேர்ந்து வந்ததால்தான் அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு அப்படி விடிந்தது.

வன்னியில் சண்டை முற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. நாங்கள் அம்பிட்டியவில் குடியிருந்தோம். அவருக்குக் கண்டிக் கச்சேரியில் அரசாங்க வேலை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். எங்கள் அடையாள அட்டைகளில் பிறந்த இடம் வடக்கே இருக்கும் சாவகச்சேரி என்று இருந்தது. ஆகவே எத்தனை வருஷம் கண்டித் தண்ணீர் குடித்திருந்தாலும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நாங்கள் நேற்று வந்து இறங்கியவர்கள்தான்.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. அதன் டாஷ்போர்ட்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று மாதக்கணக்காக அணையாமல் எரிந்தது. கார் பெற்றோலைத் தண்ணீர் போலக் குடித்தது, பின்னால் கரும்புகை தள்ளியது. விளக்கைப் பார்க்கப் பிடிக்காத என் கணவர் அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். அதன்பிறகு கார் ஓடும் நேரமெல்லாம் பிள்ளையார் மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தார். இதையே ஒரு அருளாக எடுத்துக்கொள்ளக்கூடிய மனிதர் அவர்.

கடைசியில் மேட்டில் கார் நின்று நின்று இழுக்கத் தொடங்கியபோது, கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த பாரூக்கின் கராஜுக்கு நான்தான் கொண்டுபோனேன். எனக்குப் பள்ளி விடுமுறை. பாரூக் பார்த்துவிட்டு ஒட்சிசன் சென்சர் செத்துப்போயிற்று என்றார். புகைக்குழாயில் செருகியிருக்கும் விரல் தண்டி உலோகம் அது. புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எஞ்சினுக்குச் செய்தி சொல்லும். அது செத்தால் எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு பெற்றோலைக் குடிக்கும். கொழும்பில் பஞ்சிகாவத்தையில், உடைத்த கார் ஒன்றிலிருந்து கழற்றிய சென்சர் ஒன்றைப் பாரூக் எடுப்பித்திருந்தார். அதன் பிளக் எங்கள் காரின் பிளக்கோடு பொருந்தவில்லை. போதாததற்கு எங்கள் பழைய வயர், பிடி உடைந்து குழாய் மேல் விழுந்து, உருகிப்போய்க் கிடந்தது. வெட்டி, புது வயர் போட்டு, இணைக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் செல்லச்சாமி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், கராஜின் மின்சார வேலை முழுவதும் அவர் கையில்தான். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நாள் முழுவதும் அங்கேயே இருந்தேன். கண் மறைந்தால் பழைய சாமான் புதுச் சாமானாகிவிடும் என்பது என் அனுபவம். பாரூக் அதைப் புரிந்துகொண்டு சிரித்தார், தேத்தண்ணியும் எடுப்பித்துத் தந்தார்.

வகுப்பில் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்டேன். செல்லச்சாமியும் சலிக்காமல் சொன்னார். கறுப்பு இரண்டும் சென்சரைச் சூடாக்க, நீலம் செய்தி கொண்டுபோக, வெள்ளை எர்த்துக்கு. நான்கு வயரையும் ஈயம் உருக்கி ஒட்டாமல், சின்னச் செப்புக் குழல்களுக்குள் விட்டுக் குறட்டால் நசுக்கினார். ஏன் ஈயம் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வச்சா இது செத்துப்போயிரும் டீச்சர். இது வயர் வழியாத்தான் மூச்சு விடுது" என்றார்.

சூடு தாங்குவதற்காக வயர் முழுவதையும் கண்ணாடிநார் உறைக்குள் விட்டார். கடையில் வெள்ளை உறைதான் கிடைத்ததாம். காரின் அடியில் படுத்துக் கியர்பெட்டியின் பக்கமாக அதைக் கொண்டுபோய்ப் புதுப் பிடி போட்டு இறுக்கினார். பிளக்கின் பூட்டு அடிப்பக்கமாக இருக்கிறது, மேலே அமத்தினால் உடைந்துவிடும் என்று எனக்குக் குனிந்து பார்க்கவும் காட்டினார். எஞ்சினை உயிர்ப்பித்ததும் விளக்கு அணைந்தது. பிள்ளையார் இருண்டுபோனார்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் செய்த வேலைதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. பழைய குழாயிலிருந்து கரியைச் சுரண்டி, செம்மண்ணோடு ஒரு சிரட்டையில் குழைத்து, மறுபடி அடியில் படுத்து, அந்த வெள்ளை உறை முழுவதும் விரலால் பூசி மெழுகினார். இவ்வளவு நேர்த்தியான வேலையை ஏன் நாசமாக்குகிறீர்கள் என்று கேட்டேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, பாரூக் தூரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

முன்பு ஒருமுறை மரக்கறி லொறி ஒன்றுக்குப் புது வயர் போட்டிருக்கிறார். சோதனைச் சாவடியில் கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்தவர்கள் வயரைக் கண்டு, குண்டு வைத்திருக்கிறது என்று லொறியை மறித்தார்கள். பயந்துபோன சாரதி இவருடைய பெயரைச் சொல்லிவிட்டான். அன்று இரவே வந்து பிடித்துப்போனார்கள். வழக்கு இல்லை, விசாரணை என்ற பெயரில் மாதக்கணக்காக உள்ளே வைத்திருந்து விட்டார்கள். மனைவி பாப்பம்மா ஒவ்வொரு பார்வை நாளும் ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறிச் சோற்றுப் பார்சலோடு வந்து, பாதி நாள் பார்க்காமலே திரும்பிப் போயிருக்கிறாள். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அதை அவர் சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன்.

"இன்னொரு தடவ என் பேரு அவங்க காதுல விழுந்துச்சுன்னா, அப்புறம் நான் வெளிய வர மாட்டேன் டீச்சர். அதான் இந்தச் சேறு. எண்ணெய் பூசினா குழாய்ச் சூட்டுல புகையும், சென்சரும் கெட்டுப்போகும். நீங்க அடியில மட்டும் தண்ணி அடிச்சிறாதீங்க. மழைக்காலம் ஒண்ணு போனா ரோட்டு அழுக்கே தானா பிடிச்சுக்கும்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது நான். காரைக் கழுவுவது என் கணவர்.

அன்றிரவு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வயர் மூச்சு விடுவதிலிருந்து பாப்பம்மாவின் பார்சல் வரைக்கும் ஒன்றும் விடவில்லை. அவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்தார். அவர் கேட்கிறாரா இல்லையா என்பது கல்யாணமான நாளிலிருந்தே எனக்குத் தெரியாத சங்கதி. கடைசியில் பேப்பரை மடித்தார்.

"சேறு பூசினவனெண்டா வேலை வடிவில்லை எண்டுதானே அர்த்தம்? அந்தத் தோட்டத்து ஆள் உமக்கு நல்லாக் கதை விட்டிருக்கிறான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருடைய கவலை வேறு. பிள்ளையார் அணைந்துவிட்டாரே என்பதுதான் அவரைக் குடைந்தது. பெரிய வேலை செய்த வாகனம், அர்ச்சனை செய்யாமல் ஓடக்கூடாது, நாளைக்கு லீவு போட்டுவிட்டு கண்டி ரவுனுக்குள் கோயிலுக்குப் போவோம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கார் வெளியே போகும் சத்தம் கேட்டது. தேங்காயும் எலுமிச்சங்காயும் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது வேட்டி சால்வையோடு, நெற்றி நிறைய விபூதியோடு, மாலையோடு வந்தார். அவசரப்படுத்தினார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

இறக்கத்தில் கார் இறங்கத் தொடங்கிய பிறகுதான் சவர்க்கார வாசம் மூக்கில் அடித்தது. கால் வைக்கும் விரிப்பு ஈரமாக இருந்தது.

"காரைக் கழுவினீங்களோ?" என்று கேட்டேன்.

"சேர்விஸ் ஸ்டேஷனிலை விட்டுக் கழுவிச்சனான். அழுக்கு வாகனத்தைக் கோயில் வாசல்லை கொண்டுபோய் விடுறதே? தூக்கி நிப்பாட்டி அடியும் கழுவிச்சாச்சு." அவர் திருப்தியாகத் தலையை அசைத்தார். "நானும் குனிஞ்சு பாத்தனான். அந்த ஆளின்ரை வேலை வடிவுதான். வெள்ளை வெளேரெண்டு கிடக்கு."

காரைத் திருப்புங்கோ என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்குள் வளைவு வந்துவிட்டது. வளைவு தாண்டினால் சோதனைச் சாவடி. முன்னால் இரண்டு மூன்று வாகனங்கள், பின்னால் ஒரு பஸ். சாவடிக்கு முன்னால் திரும்பி ஓடும் தமிழ்க் காருக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. செல்லச்சாமி சொன்ன கதையை மறுபடி இரண்டே வார்த்தையில் சொன்னேன். லொறி, கண்ணாடி. அவருடைய முகத்திலிருந்த திருப்தி வடிந்துபோனது. அப்போது எங்கள் முறை வந்துவிட்டது.

சக்கரம் பூட்டிய கண்ணாடியை ஒரு இளம் சிப்பாய் காரின் அடியில் தள்ளினான். இழுத்தான். மறுபடி தள்ளினான். பிறகு கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நடந்து போனான். ஓடவில்லை, நடந்துதான் போனான், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் ஒலித்தது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து சனங்களை இறக்கித் தூரத்துக்குத் துரத்தினார்கள். எங்களைக் கையை உயர்த்திக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். சாவகச்சேரியை வாசித்த சிப்பாய் துப்பாக்கியைச் சற்று உயர்த்திப் பிடித்தான்.

சார்ஜன்ட் ஒருவர் வந்தார். நரைக்கத் தொடங்கிய மீசை. அவர் மற்றவர்களைப்போல் பதறவில்லை. தொப்பியைக் கழற்றி ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, தரையில் ஒரு கையை ஊன்றிக் காரின் அடியில் நெடுநேரம் பார்த்தார். எழும்பும்போது விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். வெடிக்கும் சாமான் இல்லை என்று சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் எங்கள் பக்கம் திரும்பினார்.

தான் படையில் வாகனப் பகுதியில் இருந்தவர் என்றும், அது சென்சர் வயர் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். ஆனால் உறையின் பின்பக்கத்தில், தண்ணீர் படாத இடத்தில், குழைத்த கரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோட்டுச் சேறு இல்லை அது, கையால் பூசியது. யாரோ ஒருவன் மறைக்கப் பார்த்திருக்கிறான்.

"காருக்கு இவ்வளவு நன்றாக வயர் போடத் தெரிந்தவனுக்கு வேறு எதற்கும் வயர் போடத் தெரியும். ஒளிக்கவும் தெரிந்திருக்கிறது. யார் அவன்?" என்று கேட்டார்.

எனக்கு அந்த மடங்காத இரண்டு விரல்கள் கண்ணுக்குள் வந்தன. என் கணவரைப் பார்த்தேன். கச்சேரியில் மேலதிகாரி இருமினாலே எழும்பி நிற்கும் மனிதர். கோப்பில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. உண்மையைச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கராஜின் பெயர் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அவர் சால்வையைச் சரிசெய்தார். பிறகு தன் நல்ல கச்சேரிச் சிங்களத்தில், "நான்தான் போட்டேன்" என்றார்.

வீட்டில் பல்ப் மாற்ற ஆள் கூப்பிடும் மனிதர்.

ஏன் கரி பூசினாய் என்று சார்ஜன்ட் கேட்டார்.

"உங்களுக்குப் பயந்துதான் பூசினேன். கோயிலுக்குப் போவதால் இன்றைக்குக் கழுவினேன்" என்றார் என் கணவர்.

சிப்பாய்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டியையும் விபூதியையும் மேலும் கீழும் பார்த்தார். உறைக்கு மேலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும், இணைப்பில் ஏன் ஈயம் வைக்கவில்லை என்று கேட்டார்.

"அது வயர் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, ஈயம் வைத்தால் செத்துவிடும்" என்றார் அவர்.

பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். சார்ஜன்ட்டின் புருவம் மெல்ல உயர்ந்தது. ஆனால் விடவில்லை. போட்டவனுக்குக் கழற்றவும் தெரியும்தானே, அடியில் போய் அந்தப் பிளக்கைக் கழற்றிக் காட்டு என்றார்.

வாயால் சொல்வதைக் கேட்டு வைத்திருக்கலாம். பிளக் எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்று கைக்கு எப்படித் தெரியும்? என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் மல்லாந்து படுத்தார். சால்வை புழுதியில் புரண்டது. கார் அப்போதுதான் ஓடி வந்து நின்றது, குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். துப்பாக்கி நீட்டியவன் என்னை அசைய விடவில்லை. எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

அதனால் பேசத் தொடங்கினேன். வீட்டில் எப்படிப் பேசுவேனோ அப்படி, தமிழில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேசினேன்.

"கோயிலுக்கெண்டு தோய்ச்சுத் தந்த வேட்டி, இப்ப பாருங்கோ கோலத்தை. கியர்பெட்டிப் பக்கமாச் சரிஞ்சு படுத்தால் என்ன? ஒருநாளும் சொல்லுக் கேக்கிறேல்லை. எதையும் மேலை பிடிச்சு அமத்தி உடைக்கிறது, கீழாலை பிடிச்சு அமத்தினால் குறைஞ்சு போயிடுவியளோ?"

சார்ஜன்ட் சட்டென்று என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். காரின் அடியிலிருந்து என் கணவரின் குரல் மரியாதையாகச் சிங்களத்தில் வந்தது. வேட்டி பழுதாகிறது என்று ஏசுகிறாள் மாத்தயா, வீட்டிலும் இப்படித்தான். இந்த முறை எல்லாச் சிப்பாய்களும் சிரித்தார்கள். கலியாணம் செய்தவன் ஒருவன் போலிருக்கிறது, அனுதாபமாகத் தலையை ஆட்டினான்.

எனக்கு அவருடைய முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. உடம்பு கியர்பெட்டிப் பக்கம் நகர்ந்தது. கை எதையோ தேடியது. திடீரென்று அவருடைய கால் விரல்கள் பத்தும் ஒன்றாகச் சுருண்டன. குழாயைப் பிடித்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. ஒரு சத்தம் இல்லை. தானே வயர் போட்டவன், குழாய் சுடும் என்று தெரியாமல் கையை வைப்பானா? கத்தினால் எல்லாம் முடிந்தது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. முள் குத்தினால் தெருவைக் கூட்டும் மனிதர் மூச்சுக் காட்டாமல் கிடந்தார். சுருண்ட விரல்கள் மெல்ல மெல்ல விரிந்தன. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பிளக்கின் ஒரு பாதியை இடது கையில் பிடித்துக் கண்ணாடியில் தெரியும்படி காட்டினார். சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். மறுபடி பூட்டு என்றார். அதையும் செய்தார்.

வெளியே வந்தபோது வலது கையைச் சால்வைக்குள் சுற்றி மறைத்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. சார்ஜன்ட் அந்தச் சால்வையைச் சற்று நேரம் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டு, பின்னேரம் இங்கே வேறு ஆள் நிற்பான், திரும்பி வரும்போது இந்த வயரை இப்படிக் கொண்டுவராதே என்று மட்டும் சொன்னார்.

மிச்சத் தூரத்தை நான் ஓட்டினேன். கோயில் வாசலில் நிறுத்திவிட்டுச் சால்வையை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் தோல் வெந்து, வெளுத்துப் போயிருந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அர்ச்சனை முடியட்டும் என்றார். உத்தரட்டாதி.

ஐயர் வந்து சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்தார், முன்கண்ணாடிக்குச் சந்தனம் பூசினார். பிறகு வழக்கம்போல, யாருடைய பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். என் கணவர் என் பக்கம் சரிந்தார்.

"இஞ்சேரும், அவரின்ரை பேர் என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முதல்நாள் இரவு எவ்வளவோ சொன்னேன், வயரின் மூச்சைக்கூட நினைவில் வைத்திருந்தார், பெயர் மட்டும் அவர் காதில் நிற்கவில்லை. சாவடியில் அந்தக் கேள்விக்கு அவர் ஒரு பொய்யும் சொல்லத் தேவை இருந்திருக்கவில்லை. எனக்குப் பேர் தெரியாது, மனுசியைக் கேளுங்கோ என்றிருக்கலாம். அது முழு உண்மை. அதற்குப் பிறகு அந்தச் சார்ஜன்ட்டுக்கு முன்னால் நான்தான் நின்றிருப்பேன்.

"செல்லச்சாமி" என்றேன்.

அவர் ஐயரிடம் பெயரைச் சொன்னார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். ஹுன்னஸ்கிரியவில் பிறந்த அந்த மனிதனின் நட்சத்திரம் எங்கள் இருவருக்கும் எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் சுவாமி பேருக்கே செய்துவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"உத்தரட்டாதி எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றார் என் கணவர்.

ஐயர் செல்லச்சாமியின் பெயரையும் என் கணவரின் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லி மணியை ஆட்டினார். தீர்த்தம் வந்தபோது, இடது கையை நீட்டக்கூடாது என்பதற்காக, அவர் அந்த வெந்த கையையே நீட்டினார்.